அறுபது சொல்லில் ஒரு பெயருக்கு இடமில்லையா?

எகிப்தின் கல்லறைகளிலிருந்து வந்த பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்களின் இயக்குநர்களுக்கும் காப்பாளர்களுக்கும்,

இங்கிலாந்தில் ஓர் அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடத்தில் ஏழு ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பள்ளிக்கூடங்கள் வரும் நாள்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக நின்று சொல்லிக் காட்டுவது என் வேலை. அந்தக் கூடத்தைப் புதுப்பித்து அண்மையில் மறுபடியும் திறந்தார்கள். நுழைந்ததும் எதிர்ச்சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு கறுப்புவெள்ளைப் படம். நூறு ஆண்டுக்கு முந்தியது. பாறையைக் கிணறுபோல் வெட்டி இறக்கிய குழியின் வாயில் பதினோரு ஆண்கள் நிற்கிறார்கள். வடக்கயிற்றை ஒருவர் இடுப்பில் சுற்றிக்கொண்டு முழுப் பாரத்தையும் பின்னால் சாய்த்திருக்கிறார். ஓரத்தில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன், தலையில் கூடையோடு, நேராக நம்மைப் பார்க்கிறான்.

திறந்த முதல் வாரம் வந்த வகுப்பில் ஒரு சிறுமி அவனைக் காட்டி, “இந்தப் பையன் பேரென்ன?” என்று கேட்டாள். படத்தின் கீழிருந்த குறிப்பைப் பார்த்தேன். தோண்டலை நடத்திய ஆங்கிலேயரின் பெயர் இருந்தது. இடம் இருந்தது, ஆண்டு இருந்தது. அவ்வளவுதான். “தெரியலையே கண்ணு” என்றேன். அவள் விடவில்லை. “அப்ப இவர் பேரு?” என்று கயிறு பிடித்தவரைக் காட்டினாள். அவருடையதும் இல்லை.

எந்த முகத்துக்கு எந்தப் பெயர் என்றுதான் எனக்குத் தெரியாது. பெயர்களே தெரியாது என்று சொல்வதற்கில்லை. மூன்று ஆண்டுக்கு முன் பழைய ஆவணங்களை ஒளிநகல் எடுக்கும் வேலைக்கு ஆள் போதாமல் எங்களையும் கூப்பிட்டார்கள். அந்தத் தோண்டலின் கூலிப் புத்தகத்தை இந்தக் கையால் புரட்டியிருக்கிறேன். பென்சில் எழுத்து. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் நாள்வாரியாகக் கோடுகள், வாரக் கடைசியில் தொகை. ஒரே பெயரில் மூன்று பேர் இருந்ததால் ஒருவருக்கு மூத்தவர் என்றும், ஒருவருக்கு அவர் தகப்பன் பெயரையும், மூன்றாமவருக்கு ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். கூலி ஆள் மாறிப் போய்விடக் கூடாது என்று அவ்வளவு கவனம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகம் அந்தச் சுவர்ப்படத்துக்கு இரண்டு மாடி மேலே, அதே கட்டடத்தில் இருக்கிறது.

நிர்வாகத்துக்கு எழுதினேன். பதில் வந்தது. குறிப்புப் பலகை அறுபது சொல்லைத் தாண்டக் கூடாது என்பது விதி. பழக்கமில்லாத பெயர்கள் பார்வையாளரைக் குழப்பும். தொழிலாளர்களின் பங்களிப்பை நிறுவனம் பெரிதும் மதிக்கிறது. மறுபடி எழுதினேன். அதே பதிலைச் சற்று மாற்றி வேறொருவர் அனுப்பினார். இரண்டு கடிதமும் ஆங்கிலத்தில் எழுதியவை. மூன்றாவதை என் மொழியில், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஓர் அருங்காட்சியகத்தோடு முடிகிற குறையாக இருந்தால் உங்கள் எல்லாருக்கும் எழுத வேண்டிய தேவை இருக்காது. நான் பார்த்த கூடங்களில் பெரும்பாலானவற்றில் இதே நிலைதான்.

எனக்கு இது ஏன் இப்படித் தைக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா அகழாய்வில் மண் சுமந்தவள்.

எங்களுக்குத் தென் தமிழ்நாட்டில் ஓர் ஆற்றங்கரை ஊர். அறுப்பு முடிந்து வயலில் வேலை இல்லாத மாதங்களில், ஊருக்கு மேற்கே மேட்டில் குழி போட்டார்கள். அம்மா இரண்டு பருவம் போனாள். முதல் பருவம் சாந்துச்சட்டியில் மண் சுமந்து சல்லடைக்குக் கொண்டுபோவது. இரண்டாம் பருவம், கை நிதானமாக இருக்கிறது என்று குழிக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், அம்மா தானாகவே கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினாள். களைக்கொத்தியில் ஏறிய மண் முந்தின நாள் மண் போல இல்லை என்றாள். கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிர்ந்தது, நிறமும் ஒரு மாற்றுக் குறைவு. மேற்பார்த்த தம்பி இறங்கிவந்து பார்த்துவிட்டு, “யக்கா, இனிமே பிரஷ்தான்” என்றான். ஒரு முழம் கீழே தாழியின் வாய், மேல்மூடி சிதையாமல். அவள் இன்னொரு கொத்து கொத்தியிருந்தால் மூடி நான்காகப் போயிருக்கும். மண் மாறுவதைக் கையில் அறிவதற்கு அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாற்பது வருடம் வயலில் நின்றவள்.

பல ஆண்டு கழித்து அந்த அகழாய்வின் அறிக்கை புத்தகமாக வந்தது. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. படங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். தாழியின் படம். அளவுகோலுக்குப் பக்கத்தில், ஓரத்தில், கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. “இது என் கைதான், வளையலப் பாரு” என்றாள். அப்புறம் கேட்டாள், “ஏட்டி, எம் பேரு எங்க போட்டிருக்கு?”

முன்னுரையின் கடைசி வரியில் ‘அப்பகுதித் தொழிலாளர்கள்’ என்று இரண்டு சொல் இருந்தது. “இதுலதாம்மா இருக்கு” என்று அந்த வரியில் விரலை வைத்தேன். அவள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அம்மா போய் நான்கு வருடமாகிறது. அந்தப் பொய்யை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். உங்கள் கூடத்தில் அந்தச் சிறுமி விரல் நீட்டிக் கேட்டபோது, என் அம்மா கேட்டதுபோலவே இருந்தது.

இனி எகிப்தைப் பற்றி. இதில் நான் சொல்லப் போகும் எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் நூலகங்களில் இருப்பதுதான்.

1922 நவம்பர் 4ஆம் தேதி காலை, அரசர்களின் பள்ளத்தாக்கு. அங்கே தோண்டலை நடத்திய ஆங்கிலேய அகழாய்வாளர் ஹோவர்டு கார்ட்டர் வேலையிடத்துக்கு வருகிறார். வழக்கமான சத்தம் இல்லை. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். ஆறாம் ராம்சேசின் கல்லறையைக் குடைந்த பழங்காலத் தொழிலாளர்களின் குடிசைகளுக்கு அடியில், பாறையில் வெட்டிய ஒரு படி தெரிந்திருக்கிறது. இதைச் சொல்வது கார்ட்டரே, தன் நூலில். அதாவது துட்டன்காமன் என்ற அரசனின் கல்லறையின் முதல் படி கண்ணில் பட்டபோது கார்ட்டர் அங்கே இல்லை. மண்ணை அள்ளிக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்தார், அது என்னவென்று புரிந்துகொண்டார், மற்றவர்களை நிறுத்தினார். என் அம்மா செய்ததும் இதுதான். உங்கள் பலகைகளிலோ ‘1922இல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்தார்’ என்று ஒரே வரி. தண்ணீர் கொண்டுவந்த ஒரு சிறுவன்தான் முதலில் கண்டான் என்று ஒரு கதை வெகுகாலமாக உலவுகிறது. அதற்கு அன்றைய பதிவு எதுவும் இல்லை. கதை உலவக் காரணமே, அங்கே ஒரு பெயர் எழுதப்படாமல் விட்டதுதான் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் கார்ட்டர் முழுதாக மறைத்தவர் அல்ல. அந்த நூலின் முதல் தொகுதியில் தம் மேஸ்திரிகள் நால்வருக்குப் பெயர் சொல்லி நன்றி கூறியிருக்கிறார்: அஹ்மத் குரைகர், காத் ஹசன், ஹுசைன் அபூ அவாத், ஹுசைன் அஹ்மத் சயீத். அரபியில் இவர்களை ‘ரயீஸ்’ என்பார்கள். நூறு பேரை வேலைவாங்குவதும், எங்கே வெட்டலாம் எங்கே கூடாது என்று முடிவு செய்வதும், சரியப்போகும் சுவரை முன்கூட்டியே கண்டு முட்டுக்கொடுப்பதும் ரயீசின் பொறுப்பு. நான்கு பெயரும் அச்சில் வந்து நூறாண்டு கடந்துவிட்டது. துட்டன்காமன் பெயரால் உலகம் சுற்றிய பெருங்காட்சிகளில் நானும் இரண்டைக் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு பெயரில் ஒன்றைக்கூடப் படித்ததாக நினைவில்லை.

அந்தக் கல்லறையின் பொருள்கள் எப்படி நைல் ஆற்றங்கரைக்கு வந்தன என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1923 மே மாதம். முதல் பருவத்தில் எடுத்தவற்றைக் கனத்த மரப்பெட்டிகளில் அடைத்து, சின்னத் தள்ளுவண்டிகளில் ஏற்றி, தண்டவாளத்தின் மேல் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்குத் தண்டவாளம் கிடையாது. ஆகவே வண்டி கடந்ததும் பின்னால் இருந்த துண்டுகளைப் பெயர்த்து, தூக்கிக்கொண்டு ஓடி, முன்னால் போட்டார்கள். மறுபடி தள்ளினார்கள். மறுபடி பெயர்த்தார்கள். 50 தொழிலாளர், 15 மணிநேர உழைப்பு. எகிப்தின் மே மாத வெயிலில் இரும்பு தொட முடியாமல் கொதித்தது. ஒரு கிண்ணமும் உடையாமல் கரை சேர்த்த அந்த ஐம்பது பேரைப் பற்றி, அந்தக் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு சொல் வேண்டாமா?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். என்னை அதிகம் உலுக்கியது இதுதான். அபிடோசில் எகிப்தின் முதல் அரசமரபைச் சேர்ந்த ஜெர் மன்னனின் கல்லறை. ஆங்கிலேய அகழாய்வாளர் பிளிண்டர்ஸ் பீட்ரி 1900-01 பருவத்தில் அதைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் வேறொருவர் தோண்டிப் புரட்டிவிட்டுப் போன இடம். வடக்குச் சுவரில் ஒரு பொந்து. அதற்குள் துணி சுற்றிய ஒரு கை, மம்மியிலிருந்து பிரிந்த கை. கண்டவர்கள் நான்கு தொழிலாளர்கள். துணியின் ஓரத்தில் எட்டிப் பார்த்தார்கள், தங்கமணி ஒன்று மின்னியது. மேற்கொண்டு பிரிக்கவில்லை, மணியைத் தொடவில்லை. இருந்த இடத்திலேயே கையை வைத்துவிட்டு, பொறுப்பாளரான ஆர்தர் மேஸ் வந்து பார்க்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு பிரித்தபோது தங்கமும் நீலக்கல்லும் கோத்த நான்கு வளையல்கள். ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமை. அந்த வளையல்கள் இன்றும் கெய்ரோவில் இருக்கின்றன. அன்றைக்குக் கெய்ரோவில் அவற்றைப் பெற்றுக்கொண்ட அதிகாரி வளையல்களை மட்டும் வைத்துக்கொண்டு எலும்பை எறிந்துவிட்டார்.

நான்கு பேரும் தொடாமல் காத்திருந்ததைப் பீட்ரி தம் அறிக்கையில் பாராட்டி எழுதினார். ஆனால் நால்வர் என்றுதான் எழுதினார். எகிப்தியலின் வரலாற்றில் இதைவிட நேர்மையான ஒரு கணத்தை நான் படித்ததில்லை. அந்தக் கணத்துக்கு உரியவர்களை எண்ணிக்கையாக விட்டுவிட்டோம்.

பீட்ரியிடம் பெயர்கள் இல்லாமலும் இல்லை. கிடைத்த பொருளுக்கு ஏற்பத் தொழிலாளிக்குத் தனி வெகுமதி கொடுப்பது அவர் வழக்கம். கிடைத்ததைச் சந்தையில் விற்றுவிடாமல் தம்மிடம் கொண்டுவரவேண்டும் என்பதற்காக. எனவே யார் எதைக் கண்டெடுத்தார் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவருடைய குறிப்பேடுகளில் தொழிலாளர் பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. அலி சுஃபி என்பவர் 1890களிலிருந்து பல்லாண்டு அவரோடு இருந்து, தேர்ந்த கண்ணுள்ளவர் என்று அவராலேயே போற்றப்பட்டவர். காசு கொடுக்க அவசியப்பட்ட பெயர், பொருள் கண்ணாடிக்குள் போனபோது அவசியமில்லாமல் போயிற்று.

1893-94இல் பீட்ரி குஃப்த் என்ற ஊரில் தோண்டினார். அங்கே பழகியவர்களை அடுத்தடுத்த இடங்களுக்கும் அழைத்துப்போனார். தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று அந்தக் கைத்திறன் இறங்கி, ‘குஃப்தி’ என்றாலே தேர்ந்த அகழாய்வுக்காரர் என்று எகிப்து முழுக்கப் பொருளாகிவிட்டது. இந்தக் குஃப்த் நமக்கு அந்நியமான ஊர் அல்ல என்பதைத் தமிழ் வாசகர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய நம் மிளகு, பாலைவனம் தாண்டி நைல் நதியைத் தொட்ட ஊர் அதுதான். அன்றைய பெயர் கோப்டோஸ். அந்தத் துறைமுகங்களில் ஒன்றான குசெய்ர் அல்-கதீமில் கண்ணன், சாத்தன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கு முன் தன் பானையில் பெயர் கீறிய ஒருவரை நாம் இன்றைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. அந்த ஓட்டை மண்ணிலிருந்து எடுத்த கைக்குரியவரைக் கூப்பிட எனக்குப் பெயர் தெரியாது.

‘அவர்கள் கூலிக்கு வெட்டியவர்கள், அறிவு வேறொருவருடையது’ என்ற வாதத்தை நேரடியாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் பலகைகளின் அடியில் இருக்கிறது. கீசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1925 பிப்ரவரியில் அமெரிக்க அகழாய்வாளர் ஜார்ஜ் ரைஸ்னரின் குழு பெரிய பிரமிடுக்குக் கிழக்கே வேலை செய்துகொண்டிருந்தது. ரைஸ்னர் அமெரிக்காவில் இருந்தார். குழுவின் புகைப்படக்காரர் முகம்மதானி இப்ராகிம். அவர் கேமராவின் முக்காலியை ஊன்றிய இடத்தில், கால் பாறையில் பதியாமல் சுண்ணச் சாந்தில் பதிந்தது. பாறை என்று எல்லாரும் நினைத்தது பூசி மறைத்த வாய். அதைத் திறந்து ஏறத்தாழ 27 மீட்டர் ஆழம் இறங்கியபோது கிடைத்ததுதான் கூஃபு மன்னனின் தாய் ஹெடெபெரசின் பொருள்கள். மரம் மக்கி மண்ணாகி, மேலே போர்த்திய தங்கத்தகடு மட்டும் மிஞ்சிய கட்டிலையும் நாற்காலியையும் அந்தக் குறுகிய அறையில் படுத்தபடியே, மாதக்கணக்கில், துண்டு துண்டாகப் பதிந்தெடுத்தார்கள். முகம்மதானி இப்ராகிம் எடுத்த ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகட்டுப் படங்கள்தான் இன்று கீசாவைப் பற்றி எழுதும் எவருக்கும் ஆதாரம்.

அதே குழுவின் எகிப்திய மேஸ்திரிகள் தோண்டலைப் பற்றி நாள்தோறும் அரபியில் நாட்குறிப்பு எழுதினார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட ஏடுகள் கிடைத்திருக்கின்றன. எந்தக் குழியில் என்ன வந்தது, எவ்வளவு ஆழத்தில், எந்த நிலையில் என்று படம் வரைந்து எழுதியவை. கூலிக்கு வெறுமனே வெட்டியவர்கள் இப்படி எழுதமாட்டார்கள். ஹார்வர்டின் கீசா திட்டம் இந்த ஏடுகளைக் கையில் எடுத்திருக்கிறது. அதன் தரவுத்தளத்தில் படத்தை எடுத்தவர் முகம்மதானி இப்ராகிம் என்ற பெயரோடே பதிவு இருக்கிறது. 2022இல் ஆக்ஸ்போர்டில், துட்டன்காமன் நூற்றாண்டை ஒட்டி நடந்த ஆவணக் காட்சியும் எகிப்தியத் தொழிலாளர்களை முன்னால் கொண்டுவந்தது. நல்ல காரியங்கள். முடியாது என்பவர்களுக்கு, செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பழக்கமில்லாத பெயர் பார்வையாளரைக் குழப்பும் என்பது எனக்கு வந்த பதிலில் இரண்டாவது காரணம். வாரத்துக்கு அறுபது பிள்ளைகளோடு நடப்பவள் நான். ஹட்செப்சுட், அமென்ஹோடெப், துட்டன்காமன், ஹெடெபெரஸ் எல்லாம் எட்டு வயதுப் பிள்ளைகளின் வாயில் தடுமாறாமல் வருகிறது. கல்லறைச் சுவரில் பெயரைச் செதுக்கியது ஏன் என்று கேட்டால் உடனே சொல்வார்கள்: பெயரைச் சொல்லும்வரை அவர் உயிரோடு இருப்பார், பெயரை அழித்தால் இரண்டாம் முறை செத்துப்போவார். இதைச் சொல்லிக் கொடுத்ததே நம் பலகைதான். வழிப்போக்கர்களே, நின்று என் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கும் கல்வெட்டுகளைப் பெட்டிக்குள் வைத்து விளக்கொளி போட்டிருக்கிறோம். இதையெல்லாம் கற்ற பிள்ளைக்கு ‘அஹ்மத்’ என்ற பெயர் குழப்பும் என்று நாம் எப்படி முடிவு செய்தோம்? அந்தச் சிறுமியின் வகுப்பில் அதே பெயரில் இரண்டு பையன்கள் இருந்தார்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு இருக்கிறது. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்தவர்களின் ஊரான தெய்ர் எல்-மெதினாவைச் சேர்ந்தது. இரண்டாம் ராம்சேசின் 40ஆம் ஆட்சியாண்டின் வருகைப் பதிவு. 40 தொழிலாளர்களின் பெயர். 280 நாள் கணக்கு. வராத நாளைக் கறுப்பு மையில் எழுதி, ஏன் வரவில்லை என்பதை அதன் மேலே சிவப்பு மையில் குறித்திருக்கிறார்கள். செபா வரவில்லை, தேள் கொட்டிவிட்டது. ஹுய்நெஃபர் வரவில்லை, கண்ணில் நோவு. ஒருவர் வீட்டில் பீர் காய்ச்ச நின்றுவிட்டார். இன்னொருவர் இறந்துபோன உறவின் உடலுக்குத் துணி சுற்றப் போயிருக்கிறார். முதல் முறை அதன் முன் நின்றபோது நான் அழுதேன். 3,200 ஆண்டுக்கு முன் கல்லறையைக் குடைந்தவனைத் தேள் கொட்டிய தேதி நமக்குத் தெரிகிறது. நூறு ஆண்டுக்கு முன் அதே கல்லறையைத் திறந்தவருக்கு உங்கள் கூடத்தில் பெயர் கிடையாது.

2025 நவம்பரில் கீசாவில் மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம் முழுதாகத் திறந்தது. துட்டன்காமனின் 5,000க்கும் மேற்பட்ட பொருள்கள் முதன்முறையாக ஒரே கூரையின் கீழ். நான் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று காசு சேர்க்கிறேன். இந்த மடலை அவர்களும் தங்களுக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய கல்லறை கிடைத்ததாக அறிவிப்பு வரும்போதெல்லாம், கெய்ரோவிலிருந்து வந்தாலும் வேறு எங்கிருந்து வந்தாலும், குழுத்தலைவரின் பெயரோடு பெயர்கள் நின்றுவிடுகின்றன. பின்னணிப் படத்தில் கூடையோடு நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், இன்றும் பெயர் இல்லாமல்.

நான் கேட்பவை இவை.

கூடத்தில் ‘கண்டுபிடித்தவர்’ என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு பலகையையும் மறுபடி பாருங்கள். தோண்டலை நடத்தியவரை ‘நடத்தியவர்’ என்று எழுதுங்கள். அந்தத் தோண்டலின் ரயீஸ் பெயர் ஆவணத்தில் இருந்தால் அதே வரியில், அதே எழுத்தளவில் சேருங்கள். இரண்டு சொல், மூன்று சொல்தான் ஆகும். அறுபதில் அதற்கு இடம் உண்டு. தேடியும் பெயர் கிடைக்காவிட்டால், ‘தொழிலாளர்களின் பெயர்கள் பதிவு செய்யப்படவில்லை’ என்று எழுதுங்கள். எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பார்ப்பவருக்கு அங்கே ஆள்கள் இருந்தார்கள் என்பதாவது தெரியட்டும்.

சுவரில் பெரிதாக்கி மாட்டிய தோண்டல் படங்களுக்கும், கடையில் விற்கும் அஞ்சலட்டைகளுக்கும், நாள்காட்டிகளுக்கும் இதே விதி வேண்டும். ஒருவருடைய முகத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு மாட்டுகிறவர்கள் அவர் யார் என்று தேடியாவது பார்த்திருக்க வேண்டும். படத்தை எடுத்தவர் எகிப்தியர் என்றால் அவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

உங்கள் இணையப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பல கட்டங்கள் வைத்திருக்கிறீர்கள்: நன்கொடையாளர், நிதியளித்தவர், முந்தைய உரிமையாளர், ஏலத்தில் வாங்கியவர். ‘மண்ணிலிருந்து எடுத்தவர்’ என்று இன்னொரு கட்டம் சேருங்கள். பல பொருள்களுக்கு அது காலியாகவே இருக்கும். இருக்கட்டும். பீட்ரியின் ஏடுகளைப் போல பெயர் கிடைக்கும் இடங்களில் நிரப்புங்கள். நிரப்ப ஆள் இல்லை என்றால் எங்களைப் போன்ற தன்னார்வலர்களைக் கேளுங்கள். நான் வருகிறேன்.

கூலிப் புத்தகங்களையும் தோண்டல் நாட்குறிப்புகளையும் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, முழுவதையும் படம் பிடித்து, இலவசமாகப் பொதுவில் வையுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால் போதாது. பெயர்களை அரபியிலும் எழுதி, குஃப்த், குர்னா போன்ற ஊர்களில் இருப்பவர்கள் தேடிப் பார்க்கும்படி செய்யுங்கள். குர்னா மக்கள் கல்லறைகளுக்கு மேலேயே தலைமுறையாகக் குடியிருந்தவர்கள். கல்லறைகளைக் காக்க என்று சொல்லி 2006 முதல் அவர்கள் வீடுகளை இடித்து அப்புறப்படுத்தினார்கள். அந்தக் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பாட்டன் எந்தப் பொருளை எடுத்தார் என்று தெரியும்? தெரிந்துகொள்ள வழி உங்கள் அலமாரியில் இருக்கிறது.

இன்றைக்கு எகிப்தில் தோண்டுபவர்களுக்கும், அவர்களுக்குப் பணம் கொடுக்கும் உங்கள் அறக்கட்டளைகளுக்கும்: இந்தப் பருவத்திலிருந்தே, அறிக்கையின் முதல் பக்கத்தில் தொழிலாளர் ஒவ்வொருவரின் பெயரையும், அவர்கள் சம்மதத்தோடு, அச்சிடுங்கள். ‘அப்பகுதித் தொழிலாளர்கள்’ என்ற இரண்டு சொல்லோடு முடிக்காதீர்கள். அந்த இரண்டு சொல்லில் விரல் வைத்து யாரும் தன் தாயிடம் பொய் சொல்லும்படி ஆகக் கூடாது.

கடைசியாக, நான் பணிசெய்யும் அருங்காட்சியகத்தின் நிர்வாகத்துக்கு. கூலிப் புத்தகம் எந்த அலமாரியில், எத்தனையாவது பெட்டியில் இருக்கிறது என்பதை என் இரண்டு கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். அந்தச் சுவர்ப்படம் எடுத்த வாரத்தின் பக்கத்தையும் குறித்திருக்கிறேன். அந்த வாரம் வேலைக்கு வந்த அத்தனை பெயரும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. எந்தப் பெயர் எந்த முகம் என்று நம்மால் சொல்ல முடியாது. அந்தப் பையன் அதில் இருக்கிறானா என்பதும் தெரியாது. ஆனாலும் முழுப் பட்டியலையும் படத்தின் பக்கத்தில் மாட்டலாம். செப்டம்பரில் பள்ளிகள் திறந்து முதல் வகுப்பு வரும்முன் அதைச் செய்துவிடுங்கள். அந்தச் சிறுமியின் பள்ளி அக்டோபரில் மறுபடி வருவதாகப் பதிந்திருக்கிறது.

இப்படிக்கு,
எகிப்தியக் கூடத்தின் தன்னார்வலர் ஒருத்தி